தெய்வசிகாமணி குணகம்

பி.எச்.டி. வாய்மொழித் தேர்வு என்றால் ஏதோ படிப்பு சம்பந்தப்பட்ட காரியம் என்று வெளியில் இருப்பவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அதெல்லாம் ஒன்றுமில்லை. அது கல்யாண வேலை. பொன்னாடை எடுக்க வேண்டும், பூங்கொத்துக்குச் சொல்ல வேண்டும், வெளியூரிலிருந்து வருகிற பரீட்சகருக்கு ஜன்னலைத் திறந்தால் கடல் தெரிகிற மாதிரி அறை போட வேண்டும். மத்தியானம் பிரியாணி. அதில் லெக் பீஸ் யாருக்கு என்பதுகூட முன்னாலேயே முடிவாகியிருக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் என்றால் கைடும் பரீட்சகரும்தான். பெண் வீட்டார் படிக்கிற பிள்ளைகள். வரதட்சணை என்ன என்று கேட்டால், ஏழெட்டு வருஷத்து ஆயுசு.

சுமலதா அப்படி ஆயுசைக் கொடுத்தவள். கோயம்புத்தூர்ப் பக்கத்து மேட்டுப்பாளையம் இல்லை, பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட இந்தக் கடற்கரை ஊரின் மேட்டுப்பாளையம்; அதைத் தாண்டிப் போனால் வருகிற ஒரு என்ஜினியரிங் கல்லூரியில் கணக்குத் துறையில் ஆராய்ச்சி மாணவி. சேர்ந்தபோது கழுத்தில் தாலி இல்லை. இப்போது மகள் பள்ளிக்கூட வேனில் போய் வருகிறாள். வாய்க்கால் மதகைத் திடீரென்று திறந்தால் தண்ணீர் எப்படி ஓடும், எந்த இடத்தில் எவ்வளவு உயரம் நிற்கும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவதுதான் அவள் ஆராய்ச்சி. கேட்பதற்குச் சப்பென்று இருக்கும். ஆனால் திறந்துவிட்ட தண்ணீர் விருந்தாளி மாதிரி செருப்பை அவிழ்த்துவிட்டு மெதுவாக உள்ளே வராது. முன்னால் ஒரு சுவரைத் தூக்கிக்கொண்டு வரும். சுவருக்கு இந்தப் பக்கம் இடுப்பளவு, அந்தப் பக்கம் வெறும் தரை. நடுவில் சரிவு என்பதே கிடையாது. போடுகிற கணக்கெல்லாம் அந்தச் சுவரில் முட்டித்தான் மண்டை உடையும்.

கணக்குப் போடுகிற விதம் என்னவோ எளிதுதான். வாய்க்காலைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டிக்கொள்வார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் இந்தப் பக்கம் எவ்வளவு வந்தது, அந்தப் பக்கம் எவ்வளவு போனது, மீதி எவ்வளவு என்று நொடிக்கு நொடி பார்த்துக்கொண்டே போக வேண்டும். ஒரு கட்டம் இழந்ததைப் பக்கத்துக் கட்டம் வாங்கிக்கொள்ள வேண்டும். தண்ணீர் புதிதாகப் பிறக்கவும் கூடாது, இருந்தது செத்துப்போகவும் கூடாது. இந்தத் தொழிலின் தர்மமே அவ்வளவுதான்.

அந்த தர்மத்தைத்தான் அவளுடைய கைடு டாக்டர் தெய்வசிகாமணி பல வருஷம் முன்பே கொன்று, புதைத்து, மேலே சமாதியும் கட்டி, சமாதிக்குத் தன் பெயரையும் வைத்துவிட்டிருந்தார்.

அவர் முறையில் சுவர் வந்ததும் கணக்குக்கு வலிப்பு வரும். சுவருக்குப் பின்னால் தண்ணீர் கொஞ்சம் மேலே குதிக்கும், முன்னால் அதே அளவு கீழே இறங்கும். கீழே என்றால் தரைக்கும் கீழே. வாய்க்காலில் மைனஸ் தண்ணீர். வேறு யாராக இருந்தாலும் முறையைத் திருத்தியிருப்பார்கள். அவர் மைனஸை மட்டும் அழித்துவிட்டு அங்கே பூஜ்யம் போட்டார். மேலே குதித்தது அப்படியே நிற்க, கீழே போனது மட்டும் அழிந்தால் என்ன ஆகும்? தண்ணீர் பிறக்கும். பிறந்தது. மேகம் இல்லை, மழை இல்லை, தெய்வசிகாமணியின் வாய்க்கால் மட்டும் தானாக நிரம்பிக்கொண்டே போனது.

அதைப் பார்த்தாவது வெட்கப்பட்டாரா என்றால், அதுதான் இல்லை. ஒவ்வொரு நொடி முடிவிலும் எல்லாக் கட்டத்துத் தண்ணீரையும் ஒன்றுக்குக் கொஞ்சம் குறைவான ஒரு எண்ணால் பெருக்கினார். கூடினது குறைந்தது, வரவும் செலவும் நேரானது. எந்த எண் என்று கேட்டால், அவருக்குப் பழக்கமான ஒரே ஒரு வாய்க்காலில் விடை சரியாக வருகிற வரைக்கும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்ததில் அகப்பட்ட எண். அதுதான் தெய்வசிகாமணி குணகம். அதை வைத்துக் கட்டுரை கட்டுரையாக எழுதிப் பேராசிரியரும் ஆகிவிட்டார். போன பெருமழையில் அவர் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் புகுந்து பிரிட்ஜ் மிதந்தது. மொட்டை மாடியில் நின்றபடி, தன் குணகத்தை யாரும் கேட்காததால் வந்த வினை என்று லோக்கல் சேனலுக்குப் பேட்டி கொடுத்தார். ஒரு முறை கருத்தரங்குக்கு என்று பாரிஸ் போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து திரையில் ஒரு படம் வந்தால் போதும், கையை விரித்து "வுவாலா" என்பார்; பிரெஞ்சில் இதோ பாருங்கள் என்று அர்த்தம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு அங்கிருந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா வீட்டுப் பெரியவர்கள்கூட இந்த ஊரில் அப்படிப் பேசிக்கொண்டு திரிவதில்லை.

சுமலதாவின் முறையில் சுவர் சுவராகவே நின்றது. சுவர் எங்கே வருகிறது என்று மோப்பம் பிடித்து, அந்த இடத்தில் மட்டும் கணக்கைக் கடிவாளம் போட்டு இழுத்துப் பிடிக்கிற ஒரு லிமிட்டர் எழுதியிருந்தாள். மைனஸ் என்ற பேச்சே இல்லை. தண்ணீர் பிறக்கவும் இல்லை, சாகவும் இல்லை. அவள் தீசிஸின் மூன்றாவது அத்தியாயமும் நாலாவது அத்தியாயமும் அதுதான். கைடு அதைப் பார்த்தார். முகம் புளித்த மாவு மாதிரி ஆனது.

"இதுல என் குணகம் எங்கம்மா?"

"அது தேவப்படல சார். மைனஸே வரல."

"தேவப்படலையா? வூட்ல சாம்பாருக்கு உப்பு தேவப்படலன்னு வுட்டுடுவியா?"

ஏற்கெனவே உப்பு சரியாக இருக்கிற சாம்பாரில் இன்னொரு கை அள்ளிப் போடுவீர்களா என்று கேட்க அவளுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கினாள்.

"அஞ்சாவது சாப்டர்னு ஒன்னு எழுது," என்றார் அவர். "என் முறை, என் குணகம், என் வாய்க்கால். ஓட்டிப் பாத்தேன், சரியா வருதுன்னு முடி. அது இல்லாம என் கையெழுத்து வராது."

எழுதினாள். கையெழுத்து வராவிட்டால் பட்டம் வராது, பட்டம் வராவிட்டால் இத்தனை வருஷமும் வாய்க்காலில் போனது. அவர் சொன்ன வாய்க்காலில் ஓட்டினாள், சரியாக வந்தது. சரியாக வருவதற்காகவே பொறுக்கி எடுத்த எண் சரியாக வராமல் எங்கே போகும்?

வாய்மொழித் தேர்வில் ஒரு சம்பிரதாயம் உண்டு. அது பொது நிகழ்ச்சி; யார் வேண்டுமானாலும் வந்து கேள்வி கேட்கலாம் என்பது விதி. யார் வேண்டுமானாலும் கேட்டால் ஆபத்து அல்லவா? அதனால் கேள்வியை மாணவியே எழுதுவாள், கைடு பார்த்து டிக் போடுவார், தெரிந்தவர்கள் கையில் சீட்டுச் சீட்டாகக் கொடுத்து உட்கார வைப்பார்கள். கேட்கிறவர்களும் அப்போதுதான் தோன்றியது போலத் தாடையைத் தடவிக்கொண்டு கேட்பார்கள்.

தேர்வுக்கு முந்தின வாரம் கேண்டீனில் கார்குழலி வந்து எதிரே உட்கார்ந்தாள். வேறொரு கைடிடம் ஆராய்ச்சி செய்கிறவள், வைத்திக்குப்பத்துப் பெண். வாய்க்கு லிமிட்டர் வைக்காமல் பெற்றுவிட்டார்கள்.

"கொஸ்டின் எழுதிட்டியாடி?"

"எழுதினேன். இந்த ஆராய்ச்சியின் எதிர்காலப் பயன் என்ன, இந்தத் தலைப்பில் ஆர்வம் எப்படி வந்தது..."

"உங்க கைடு எவ்ளோ நல்லவருன்னு ஒன்னு சேத்துக்க. அது ஒன்னுதான் கொறைச்சல்."

"சும்மா இருடி."

"சரி, கொளத்துல ஓட்டிப் பாத்தியா அந்தக் குணகத்த?"

குளம் என்பது இந்தத் தொழிலில் பால்வாடிப் பாடம். நாலு பக்கமும் சுவர், நடுவில் அசையாத தண்ணீர். எதுவும் உள்ளே வராது, எதுவும் வெளியே போகாது. எத்தனை நேரம் ஓட்டினாலும் தண்ணீர் அப்படியே நிற்க வேண்டும். நிற்கிற தண்ணீரை நிற்க வைக்கத் தெரியாத முறை, ஓடுகிற தண்ணீரைப் பற்றிப் பேசக் கூடாது.

"ஓட்டினேன்," என்றாள் சுமலதா.

"அப்புறம்?"

சுமலதா டீயை ஊதினாள். "வத்திப்போச்சு."

"எவ்ளோ?"

"சேறுதான் பாக்கி."

கார்குழலி சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிரிக்காமல் என்ன செய்வாள்? நிற்கிற தண்ணீரில் மைனஸ் ஏது, பிறக்கிற தண்ணீர் ஏது? ஆனால் குணகத்துக்குக் கண்ணா இருக்கிறது? பிறந்தாலும் பிறக்காவிட்டாலும் ஒவ்வொரு நொடியும் தன் பங்கை வெட்டி எடுத்துக்கொண்டே இருக்கும்.

"எனக்கு அந்தக் கேள்விய குடு."

"அடிப்பாவி, டிகிரி போயிடும்டி."

"கேக்கறது மட்டுந்தான் என் வேல. நீ ஆமான்னு சொல்லிட்டு உக்காந்துக்க, உன்ன யாரு ஓட்டிக் காட்டச் சொன்னா? நான் பிரியாணி துன்னுட்டுப் போறேன்."

பட்டியலின் கடைசியில் சுமலதா அதையும் எழுதினாள்: தெய்வசிகாமணி குணகம் அசையாமல் நிற்கிற தண்ணீருக்கும் பொருந்துமா? அவர் பார்த்த மாத்திரத்தில் அடித்துவிடுவார், நாமும் கேட்டுப் பார்த்தோம் என்று மனசு ஆறும், அவ்வளவுதான் அவள் எண்ணம்.

தெய்வசிகாமணி பச்சை மைப் பேனாவைத் திறந்தார். எதிர்காலப் பயன் பற்றிய கேள்வி ரொம்பக் கஷ்டம் என்று அடித்தார். கடைசிக் கேள்வியில் கண் நின்றது. 

"அருமையான கேள்வி," என்றார். "ஓடுற தண்ணிக்கே பொருந்துது. சும்மா நிக்கிற தண்ணிக்குப் பொருந்தாதா? கொழந்தகூட பதில் சொல்லும். ஆம், எல்லா நிலைக்கும் பொருந்தும்னு சொல்லிட்டு உக்காந்துடு. கடைசியா கேக்கச் சொல்லு, கைத்தட்டு வரும்."

பச்சையில் பெரிய டிக். தன் பெயர் வைத்த பிள்ளையை ஒரு நாளாவது தூக்கிப் பார்த்திருந்தால்தானே அதற்கு நடக்க வருமா வராதா என்று தெரியும்?

தேர்வு நாளன்று காலையில் அவள் கணவன் நிலவன் லீவு போட்டுவிட்டு பிரியாணி அண்டாவோடு வந்து இறங்கினான். தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். மெஷின் எப்போது மக்கர் பண்ணும் என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவான். மனைவி விஷயத்தில் சத்தம்கூடத் தேவையில்லை, முகமே போதும்.

"சுமா, இன்னிக்கு ஒரு நாளு. இன்னா கேட்டாலும் ஆமாம் சார், சரிங்க சார். அவ்ளோதான். கடைசி படில வந்து சறுக்கிடாத."

"நான் இன்னா பண்ணப் போறேங்க?"

"அதான் எனக்கும் தெரியல. லெக் பீஸ் ரெண்டு தனியா வெச்சிருக்கேன், உங்க சாருக்கும் அந்தக் கோயமுத்தூர்க்காரருக்கும்."

கோயம்புத்தூர்க்காரர் என்றால் பரீட்சகர் டாக்டர் ராஜாங்கம். தெய்வசிகாமணியோடு ஒரே விடுதியில் படித்தவர். காலையில் கடற்கரையில் நடந்து, கையில் சுடச்சுடக் குரோசான் என்கிற பிரெஞ்சு பன் பொட்டலத்தோடு வந்து சேர்ந்தார். மேடையில் உட்கார்ந்து தீசிஸைத் திறந்தபோது அதன் முதுகு படீரென்று முறிகிற சத்தம் கேட்டது. முதல் தடவை திறக்கிற புத்தகம்தான் அப்படிச் சத்தம் போடும். ஆனால் ஐந்தாவது அத்தியாயம் இத்துறைக்கு ஒரு கொடை என்று போன மாதமே அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தார்.

சுமலதா பேசினாள். மூன்றாவது அத்தியாயத்தில் ராஜாங்கம் போன் பார்த்தார். நாலாவதில் குரோசான் சாப்பிட்டார். ஐந்தாவது வந்ததும் தெய்வசிகாமணி பொறுக்க முடியாமல் எழுந்து, அவள் கையிலிருந்த லேசர் விளக்கைப் பிடுங்கி, திரையில் தன் குணகத்தின் மேல் சிவப்புப் புள்ளியை வைத்து ஆட்டினார். "வுவாலா."

சொந்தக்காரர்கள் போலக் கேள்விகள் வரிசையாக வந்து போயின. கடைசியில் மைக் கார்குழலியிடம் போனது. அவள் சீட்டைப் பார்க்கவே இல்லை.

"மேடம், தெய்வசிகாமணி குணகம் அசையாம நிக்கிற தண்ணிக்கும் பொருந்துமா?"

கைடு நாற்காலியில் சாய்ந்து உதட்டை மட்டும் அசைத்தார். ஆம். சுமலதா வாயைத் திறந்தாள். ஒரு சொல். சொல்லிவிட்டால் பொன்னாடை, போட்டோ, பிரியாணி. அடுத்த வாரத்திலிருந்து பெயருக்கு முன்னால் டாக்டர். சொல்லத்தான் போனாள்.

அதற்குள் தெய்வசிகாமணிக்கு வாய் ஊறிவிட்டது. "ஒரு சின்ன விஷயம்," என்று கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "அடக்கமான பொண்ணு, அதான் சொல்ல மாட்டேங்குது. என் குணகம் இல்லன்னா இவளோட மூணாவது சாப்டரும் நிக்காது, நாலாவதும் நிக்காது. ஆணிவேரே அதுதான்."

சுமலதா வாயை மூடினாள். மூன்றையும் நாலையும் எழுதின ராத்திரிகளில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஒரு கையால் தட்டிக்கொடுத்து, ஒரு கையால் தட்டச்சு செய்தவள் அவள். ஐந்தை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தாள். இப்போது மூன்றுக்கும் நாலுக்கும் கை நீள்கிறது.

"ஓட்டியே காட்டிடறேன் சார்," என்றாள்.

"காட்டும்மா, காட்டு," என்றார் தெய்வசிகாமணி, பெருந்தன்மையோடு.

திரையில் குளம் வந்தது. நாலு பக்கமும் கறுப்புச் சுவர், நடுவில் நீலம்.

"மழை இல்ல, வெயில் இல்ல, ஓட்டை இல்ல. தண்ணி மார்பளவு நிக்குது. சாரோட முறை, சாரோட குணகம்." பொத்தானை அழுத்தினாள்.

முதலில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. நீலம் நீலமாகவே இருந்தது. பிறகு யாரோ ஒருவர் கழுத்தைச் சாய்த்தார். தண்ணீர் இடுப்பளவுக்கு வந்திருந்தது. அலை இல்லை, ஆர்ப்பாட்டம் இல்லை, பெரிய மனுஷன் பந்தியிலிருந்து எழுந்து போவது மாதிரி மரியாதையாக இறங்கிக்கொண்டிருந்தது. முழங்கால். கணுக்கால்.

"யாரோ மோட்டார் போட்டுட்டாங்கப்பா," என்றது பின்வரிசைக் குரல் ஒன்று. அரங்கம் குலுங்கியது.

ராஜாங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். "தண்ணி எங்கம்மணி போச்சு?"

"குணகத்துக்குள்ள சார்."

சிரிப்பு அடங்குவதற்குள் இன்னொரு குளத்தைப் போட்டாள். "இது என் மூணாவது சாப்டர் முறை. குணகம் கிடையாது."

அழுத்தினாள். நீலம் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. ஒன்றுமே நடக்கவில்லை. அந்த ஒன்றுமே நடக்காததைக் கொட்டகையில் படம் பார்ப்பதுபோல ஒட்டுமொத்தக் கூட்டமும் வாயைப் பிளந்து பார்த்தது. வாசலில் கரண்டியோடு நின்ற நிலவன் மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டான்.

தெய்வசிகாமணியின் காது சிவந்திருந்தது. "கோடிங் மிஸ்டேக்," என்றார். "பொண்ணு சரியா தயாராகல. வைவாவ தள்ளி வெச்சிடலாம் ராஜாங்கம்."

சுமலதா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

ராஜாங்கம் முடிவு எழுதுகிற தாளை இழுத்து வைத்துப் பேனாவை எடுத்தார். "தள்ளிடலாமுங்க. காரணம் எழுதோணும்னு போட்டிருக்குதுங்க. என்னன்னு எழுதட்டும்?"

"கேண்டிடேட்டோட முறையில பிழை..."

"அவங்களுது நிக்குதுங்களே." திரையில் நீலம் இன்னும் அசையாமல் இருந்தது. "வத்துனது உங்களுதுங்க. தெய்வசிகாமணி குணகத்துல பிழைன்னு எழுதட்டுங்களா?"

கைடு கையிலிருந்த லேசர் விளக்கை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"எழுதுனாலும் எனக்கும் சங்கடமுங்க," என்று ராஜாங்கம் குரலைத் தாழ்த்தினார். மைக் அணைந்திருக்கவில்லை, அரங்கத்துக்கே கேட்டது. "அதக் கொடைன்னு எழுதி நானே கையெழுத்துப் போட்டுட்டனுங்க."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவளைக் கவிழ்க்க வேண்டுமானால் காரணம் எழுத வேண்டும். காரணத்தில் ஒருவர் பெயர் இருக்கிறது, அதைப் புகழ்ந்ததில் இன்னொருவர் கையெழுத்து இருக்கிறது. வாசலிலிருந்து பிரியாணி வாசனை வேறு வந்தது.

"அஞ்சாவது சாப்டர எடுத்துட்டா தீசிஸ் இன்னும் கச்சிதமா இருக்குமுங்க," என்றார் ராஜாங்கம், அப்போதுதான் தோன்றியது போலத் தாடையைத் தடவிக்கொண்டு. "சின்னத் திருத்தம். பட்டத்துக்குப் பரிந்துரைன்னு போட்டிடறேன். நீங்களும் போடுங்க, சோறு ஆறுது."

தெய்வசிகாமணி பச்சை மைப் பேனாவைத் திறந்தார். எழுதவில்லை. உதறினார். அப்புறம் எழுதியது.

பொன்னாடை போர்த்தினார்கள், போட்டோ எடுத்தார்கள். நடுவில் நின்றது யார் என்று கேட்க வேண்டாம். பந்தியில் உட்கார்ந்தபோது தெய்வசிகாமணிக்குப் பாதி உயிர் திரும்பியிருந்தது, பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "குளம் டெஸ்ட் நான் வெச்சதுதான். கேள்விச் சீட்ட வேணா பாருங்க, டிக் என்னுது. பசங்களுக்குத் தைரியம் வரணும்னு சில சமயம் நாமளே வழி வுடணும்." பிறகு சுமலதாவைப் பார்த்தார். "நிக்கிற தண்ணிக்குன்னு தனியா ரெண்டாவது குணகம் ஒன்னு போட்டுட்டா சரியாப் போயிடும்மா. நாளைக்கு வா, உக்காந்து எழுதிடலாம்."

"நாளைக்கு வர மாட்டேன் சார்," என்றாள் சுமலதா. "அஞ்சாவது சாப்டர எடுக்கணும். சீக்கிரம் முடியற வேலதான், டெலீட் பண்ணாப் போதும். அப்புறம் என் மூணு, நாலு சாப்டர் கட்டுரையா போகுது. அதுல ஒரே பேருதான்."

அவர் ரைத்தாவைக் கிளறினார். கிளறிக்கொண்டே தட்டில் எதையோ தேடினார்.

தேடியது கார்குழலியின் தட்டில் இருந்தது. நிலவன் தன் கையாலேயே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தான்.